பதினாறுக்கு முந்தைய நாள் வரை

"முழுக் கட்டணம் குடுத்து ரயில் ஏறுற சுவிஸ்காரன், குடியுரிமையைத் தபால்ல திருப்பி அனுப்பிடணும்" என்றார் அப்பா.

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அதில் விளையாட்டு எதுவும் இல்லை. மனிதர்கள் சராசரியாக எந்த வயதில் சாவார்கள் என்று வின்டர்தூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணக்குப் போட்டுத் தருவது அவர் வேலை. வேலை இல்லாத நேரத்தில் ரயில் பாஸ்களைக் கணக்குப் போடுவார். இரண்டிலும் முகபாவம் ஒன்றுதான்.

அந்தக் குடியுரிமைப் பேச்சு அம்மாவின் தம்பி ரூடி மாமாவைக் குறிவைத்தது. மாமா கிளம்பும் நாள் காலையில் டிக்கெட் கவுண்டருக்குப் போவார், முழு டிக்கெட் கேட்பார், அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாளின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் கேட்பார். அப்பாவைப் பொறுத்தவரை இந்த மூன்றில் முதல் இரண்டு குற்றம், மூன்றாவது அதற்கான சாட்சி.

அந்தக் கோடையில் ஓபர்லாண்டு மலைப்பகுதியில் சனி முதல் சனி வரை ஒரு வீடு எடுத்திருந்தோம். மலை ரயில், படகு, கம்பிவண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வட்டாரத்துக்கென்று ஒரு பாஸ் உண்டு. நாலு நாளுக்கும் கிடைக்கும், ஆறு நாளுக்கும் கிடைக்கும். எது லாபம் என்று அப்பா மூன்று வாரம் யோசித்தார். அப்பாவிடமும் அம்மாவிடமும் அரைக் கட்டண அட்டை இருந்தது; மாணவர் வருடப் பாஸ் வைத்திருந்த நான் இந்தக் கணக்கில் வரவில்லை. என்னை அவர் பெட்டி படுக்கையோடு சேர்த்திருந்தார்.

ஒரு ஞாயிறு காலை உணவின்போது தீர்ப்பு வந்தது.

"நாலு நாள் பாஸ். ஞாயிறு ஆரம்பிச்சு புதன் முடியுது. புதன் சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிடறோம்."

"வீடு சனிக்கிழமை வரைக்கும் நம்மளது, ஊர்ஸ்" என்றாள் அம்மா.

"வாடகை வேற கட்டம், ரெகுலா. அதை இதோட கலக்காதே."

என் தங்கை லடீனா கரண்டியைக் கீழே வைத்தாள். "வியாழக்கிழமை என்னன்னு தெரியுமாப்பா?"

"தெரியாம என்ன? உன் கட்டணம் மாறுற நாள்."

"சில பேர் அதைப் பிறந்தநாள்னும் சொல்வாங்க."

பதினாறு பிறக்கும்வரை பிள்ளைகள் ஓர் அட்டையைக் காட்டிப் பெற்றோரோடு இலவசமாகப் போகலாம். லடீனாவின் அட்டை புதன்கிழமையோடு செத்துவிடும். ஆனால் பதினாறில் இன்னொன்றும் உண்டு. அன்றைக்குக் கடைக்காரர் சட்டப்படி பீர் கொடுப்பார். அவள் தோழிகள் எல்லோரும் அதை வின்டர்தூர் ஸ்டேஷன் எதிரே நின்றபடி குடித்து முடித்துவிட்டார்கள். லடீனா மட்டும், பற்சக்கர ரயில் போய் முடிகிற உச்சியில், பனியாற்றுக்கு எதிரே இருக்கும் மர மேடையில், நாங்கள் மூவரும் பக்கத்தில் இருக்கத்தான் குடிப்பேன் என்று பனிக்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பீர் இங்கயும் கிடைக்கும். விலையும் கம்மி" என்றார் அப்பா.

"பனியாறு கிடைக்குமா?"

அப்பா தன் அட்டவணையைப் பார்த்தார். அதில் பனியாற்றுக்குக் கட்டம் இல்லை.

ஆகவே நாலு நாள் பாஸ் வாங்கினோம். போட்ட காசை எடுப்பதற்காக அந்த நாலு நாளும் ஓய்வில்லாமல் பயணம் செய்தோம். ஒவ்வொரு உச்சியிலும் பன்னிரண்டு நிமிடம். ஏரிப் படகில் அம்மா தூங்கிவிட்டாள். அவளை எழுப்பி, அதே படகில் திரும்பக் கூட்டிவந்தார் அப்பா. செவ்வாய் மதியமே பாஸ் தன் விலையைத் தாண்டிவிட்டது. அப்பா எங்களுடன் கைகுலுக்கினார்.

புதன்கிழமை, பனியாற்று உச்சியிலிருந்து கடைசியாக இறங்கிக்கொண்டிருந்தோம். டிக்கெட் பரிசோதகர் ஒரு நடுவயதுப் பெண்மணி. லடீனாவின் அட்டையைக் கருவியில் வைத்துப் பார்த்தவர், "அட, நாளைக்கா!" என்றார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நாள் வருவதற்கு முன்னால் வாழ்த்துச் சொன்னால் ஆகாது. எங்கள் நாட்டில் மிச்சமிருக்கும் பயங்களில் இது ஒன்று. மற்றவற்றுக்கெல்லாம் காப்பீடு எடுத்துவிட்டோம்.

"இன்னிக்கு சொல்ல மாட்டேம்மா. நாளைக்கும் இதே வண்டியில நான்தான். அப்போ சொல்றேன்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன்" என்றாள் லடீனா, நிதானமாக.

பரிசோதகரின் கை அப்படியே நின்றது. எதிர் இருக்கைக் கிழவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"ஊருக்குப் போறோம்னு சொல்றா" என்றாள் அம்மா அவசரமாக.

"ஐயோ. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. நாளையிலேர்ந்து எனக்கு டிக்கெட் எடுக்கணும். அதான்" என்றாள் லடீனா.

பரிசோதகர் அப்பாவைப் பார்த்தார். "அப்படியா" என்றார். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஒருவரிடம் இதைவிடக் கடுமையாக யாரும் பேசுவதில்லை. கிழவர் செய்தித்தாளை மறுபடி உயர்த்தினார், ஆனால் பக்கத்தைப் புரட்டவில்லை.

லடீனா ஜன்னலில் நெற்றியை வைத்துப் பனியாற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வளைவு திரும்பியதும் அது மறைந்தது. அது இருந்த திசையில் வெறும் பாறைதான் தெரிந்தது. அதையும் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கு அவரிடம் பதில் இருந்தது.

அடிவார ஸ்டேஷனில் காலையில் வைத்துவிட்டுப் போன பெட்டிகளை எடுத்தோம். ஊருக்குப் போகும் வண்டிக்குப் பதினாலு நிமிடம் இருந்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், லடீனாவின் முதுகைப் பார்த்தார்.

"தண்ணி வாங்கிட்டு வரேன்" என்றார்.

நடைமேடையிலேயே நீரூற்றுக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. என் அப்பா ஆயுளில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து பின்னால் போனேன்.

டிக்கெட் கவுண்டர் வரிசையில் நின்றிருந்தார். ஜூலை மாத வெயிலில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருந்தார். முறை வந்ததும் கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்தார்.

"நாளைக்கு. உச்சி வரைக்கும், போக வர. அரைக் கட்டணம் ரெண்டு."

"சரி. வேற?"

அப்பா இடமும் வலமும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"கேக்கலையே, என்ன?"

"முழுசு" என்றார் அப்பா.

"எத்தனை?"

அவர் கையைக் கவுண்டர் மேடைக்கு மேலே தூக்கி, ஒரு விரலை மட்டும் காட்டினார்.