ஏழாவது தொட்டி

"கெட்டியாப் பிடிங்க! தொட்டியை விட்டுறாதீங்க!"

வெர்னா குலிக் செடியின் அடித்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே கொடுத்துத் தொட்டியைக் கவிழ்த்து, அடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். மண்ணோடு சேர்ந்து மொத்தமாக வந்து விழுந்தது கிறிஸ்துமஸ் கள்ளி. வேர்கள் ஊறிய நூல்கண்டு போலப் பழுப்பேறிக் கிடந்தன. கத்தரிக்கோலை எடுத்து அழுகியதையெல்லாம் வெட்ட ஆரம்பித்தாள்.

"செத்துருச்சா?" என்றான் கோர்டன் ஹௌகன். காலித் தொட்டி அவன் கையில் இருந்தது.

"இன்னும் இல்ல. சும்மா நில்லுங்க."

வெளியே மைனஸ் இருபது டிகிரி. எல்க் பிரேரி ஊர் நூலகத்தின் உள்ளே, 'செடி டாக்டர்' என்று அட்டை வைத்த மேசைக்கு முன்னால் பதினொரு பேர், ஆளுக்கொரு தொட்டியை அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"வெர்னா, எனக்கு ஒரே கேள்விதான்," என்று வரிசையை மீறித் தலையை நீட்டினான் தபால்காரன் டூயேன். "மண்ணுலேர்ந்து கொசுவாப் பறக்குது. என்ன பண்ண?"

"மேல் மண்ணு காயுற வரைக்கும் தண்ணி காட்டாத. நீ காபி குடிக்கிற கணக்குல அதுக்கும் ஊத்துனா கொசு வராம கொக்கா வரும்?"

வரிசை சிரித்தது. கோர்டன் சிரிக்கவில்லை. அவன் கண் கள்ளியை விட்டு நகரவில்லை.

அது அவன் மனைவி ஆர்லிஸ் வளர்த்தது. அவள் இறந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போகும்போது ஏழு செடிகளை விட்டுவிட்டுப் போனாள். இரண்டு குளிர்காலத்தில் ஆறு செடிகளை ஒவ்வொன்றாக இதே மேசைக்குத் தூக்கிவந்தான் கோர்டன். ஜன்னலுக்குப் பக்கத்தில் வை, காற்று ஒழுகும் இடத்தில் வைக்காதே, தொட்டியை மாற்று என்று ஒவ்வொன்றுக்கும் வெர்னா வைத்தியம் சொன்னாள். சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று.

ஆறும் செத்தன. ஒவ்வொரு முறையும், "எதுக்கும் பாத்து வெக்கிறேன்" என்று ஒரு கிளையைக் கிள்ளி வைத்துக்கொண்டாள். அந்த ஆறு கிளையும் இன்றைக்கு அவள் சமையலறை ஜன்னலில் பளபளவென்று நிற்கின்றன. அது கோர்டனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பழிக்குப் பொறுமை வேண்டும். வெர்னா மூன்று வருஷம் பொறுத்திருந்தாள்.

மேப்பிள் கோர்ட் முதியோர் இல்லத்துக்குக் கோர்டன்தான் மேனேஜர். அங்கே கூடத்திலிருந்த நாற்பது தொட்டிகளையும் பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டவள் வெர்னா. மூன்று வருஷத்துக்கு முன்னால், குளிர்காலம் தொடங்கியதும் இலைகள் நுனியிலிருந்து கருக ஆரம்பித்தன. பிப்ரவரிக்குள் பாதி போய்விட்டது. ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு ஒருநாள் காரணம் பிடிபட்டது. ஓடினாள். கூடத்தில் காபி நேரம். முப்பது பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கோர்டன், ஒரே ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தையும் வேணாம். உன் கை பட்டாலே செடி சாகுது. சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

முப்பது பேரும் காபிக் கோப்பைக்குள்ளே பார்த்தார்கள். ஒரே வாரத்தில், அவள் செடி பார்த்துவந்த பல் ஆஸ்பத்திரியும் 'வராதே' என்றது. பேங்க்கும் அதையே சொன்னது. 'விஷக்கை வெர்னா' என்று ஊர் பேர் வைத்தது. நூலகத்தை நடத்தும் பாம் என்பவள் மட்டும்தான் நம்பி இந்த மேசையைக் கொடுத்தாள். முதல் மாதம் ஒரு ஈ கூட எட்டிப்பார்க்கவில்லை. மேப்பிள் கோர்ட்டில் இப்போது பிளாஸ்டிக் செடிகள் நிற்கின்றன.

அன்றைக்குத் தொண்டையோடு நின்ற அந்த வார்த்தையை வெர்னா யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன்னே புரியல வெர்னா," என்றான் கோர்டன். அன்றைக்கு 'நீ' என்றவன் வாயில் இப்போது தானாக 'நீங்க' வந்தது. "கோடையில வெளிய எடுத்து வெச்சு, தோட்டத்துக் குழாயில நனைப்பேன். ஜம்முன்னு இருக்கும். பனி விழுந்து குழாயை மூடுனதும் படுத்துருது. வெளிச்சம் பத்தலையா? நீங்கதான் சொல்லணும்."

"வெளிச்சமும் ஒரு காரணம்தான்."

"ஆர்லிஸ் கையில மட்டும் எப்படிப் பொழைச்சுது? அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்துச்சு. பனியை வாளியில அள்ளிட்டு வந்து கதவுகிட்ட உருக வைப்பா. தரையெல்லாம் ஈரம். அவ போனதும் நான் முதல்ல தூக்கிப் போட்டது அந்த வாளியைத்தான்."

கத்தரிக்கோல் நின்றது.

இன்னும் ஒரே ஒரு அடி. எடுத்து வைத்தால் கோர்டனே கண்டுபிடித்துவிடுவான். டூயேன் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இந்தக் கள்ளியும் குப்பைக்குப் போன பிறகு, அவன் வெறும் தொட்டியோடு நிற்கும்போது சொல்வது என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நூலகக் கதவு திறந்தது. மேப்பிள் கோர்ட் வேனிலிருந்து எட்டுப் பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் சக்கர நாற்காலியில் தொண்ணூற்றொரு வயது ஹேசல். அன்றைக்குக் கோப்பைக்குள்ளே பார்த்த அதே கண்கள்.

வெர்னா கணக்கை மாற்றினாள்.

"கோர்டன், இதைப் பொழைக்க வெச்சுரலாம்."

"நிஜமாவா?"

"ஒரு விஷயத்தை மாத்துனாப் போதும். நீங்க இருக்குற வரைக்கும் இது சாகாது. அதை நான் சொல்லணும்னா, முதல்ல நீங்க ஒண்ணு சொல்லணும்."

"என்ன வேணாலும் சொல்றேன்."

"அங்க திரும்பி நின்னு, மேப்பிள் கோர்ட் செடிங்களை வெர்னா கொல்லலைன்னு சொல்லுங்க."

கோர்டனின் கழுத்து சிவந்தது. "அது எனக்கு எப்படித் தெரியும்? அப்ப வேற யாரு கொன்னா?"

"முதல்ல சொல்லுங்க. வேரு காத்தாடக் கெடக்கு. காஞ்சுட்டு இருக்கு."

அவன் கள்ளியைப் பார்த்தான். நுனியில் விரியாத மொட்டு மூன்று, ஆர்லிஸுக்குப் பிடித்த ரோஜா நிறத்தில் சுருங்கிக் கிடந்தது. தொட்டியை மார்போடு அணைத்தபடி திரும்பினான். தொண்டைக்குள்ளேயே எதையோ முனகினான்.

"ஒண்ணும் விளங்கல!" என்றாள் ஹேசல். "என் காது மிஷின் ரூம்ல கெடக்கு. சத்தமாச் சொல்லு கோர்டன்."

"மேப்பிள் கோர்ட் செடிங்களை வெர்னா கொல்லல!"

டூயேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"போதுமா?" என்று திரும்பினான் கோர்டன். கண் கலங்கியிருந்தது. வெர்னாவுக்கு அதைப் பார்க்கச் சர்க்கரையாக இருந்தது.

அவன் பிடித்திருந்த தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி, ஒரு காகிதத்தில் தட்டி நீட்டினாள்.

"நாக்குல வைங்க."

"என்னது?"

"வைங்க."

வைத்தான். முகம் கோணியது. "உப்பு! உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அன்னிக்கு நான் சொல்ல வந்த ஒரு வார்த்தை அதுதான்." அவள் குரல் உயரவில்லை. "உங்க வீட்டு நிலவறையில தண்ணியை மென்மையாக்குற சாஃப்ட்னர் மெஷின் இருக்குல்ல? சோப்பு நுரைக்கணும், ஷவர்ல கறை படியக்கூடாதுன்னு மாசாமாசம் மூட்டை உப்பைத் தூக்கிட்டுப் போயி அதுல கொட்டுறீங்கல்ல? அந்தத் தண்ணி நமக்கு ஒண்ணும் பண்ணாது. செடிக்குக் கொஞ்சங் கொஞ்சமா விஷம். தோட்டத்துக் குழாய்த் தண்ணி அந்த மெஷினுக்குள்ள போறதில்ல. பனியும் போறதில்ல."

வெர்னா தன் காகித டம்ளரிலிருந்த தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"குடிங்க. குடிச்சுட்டு, யாரு கொன்னான்னு நீங்க கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்க. மேப்பிள் கோர்ட்ல அதே மாதிரி மெஷினை மாட்டுனது யாரு?"

டம்ளர் உதடு வரை போய் நின்றது.

"வேற யாரு, இவன்தான்!" என்றாள் ஹேசல். இந்தத் தடவை அவளுக்கு எல்லாம் நன்றாகக் கேட்டிருந்தது. "அந்த வருஷம் அக்டோபர்ல. எங்க எல்லாரையும் நிலவறைக்குக் கூட்டிட்டுப் போயி, ரிப்பன் வெட்டி, முதல் மூட்டை உப்பைத் தன் கையாலயே கொட்டுனான். கேக்கு கூடக் குடுத்தானே!"