கொளஞ்சிநாதன் காருக்குப் பார்த்த வைத்தியம்

ரிடயர்மென்ட் அன்றைக்கு வீட்டுக்காரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொந்தக் காரில் வீடு போய்ச் சேர வேண்டும். கொளஞ்சிநாதனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருஷம் அனல் மின் நிலையத்து பாய்லரோடு மாரடித்த மனுஷனுக்கு இது ஒரு பெரிய ஆசையா? நெய்வேலியில் யார் ஓய்வு பெற்றாலும் நடக்கிற காரியம்தான். ஆளுயர மாலை போட்டு, மேளம் வைத்து, வெடி வெடித்து, கேட்டிலிருந்து குவார்ட்டர்ஸ் வரைக்கும் காரில் கொண்டுபோய் விடுவார்கள். செக்‌ஷன் ஆட்கள் பைக்கில் பின்னாலேயே வருவார்கள். சம்சாரம் கேட்டுக்கு வந்து காரில் ஏறிக்கொள்வாள். கார் இல்லாதவர்கள் வாடகைக்குப் பிடிப்பார்கள். இவருக்கு என்ன தலையெழுத்து, சொந்தமாக ஒன்று வாசலில் நிற்கும்போது?

நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. கிளப்பினால்தான் வினை. பதினேழு வயசு டீசல் கார். சாவியைத் திருகினால் பின்னால் இருக்கிற வேப்பமரம் காணாமல் போய்விடும். ருக்குமணிக்கு வீசிங் உண்டு. எட்டு வருஷமாக அவள் அந்தக் காரில் ஏறவில்லை.

“புகை வந்துச்சுன்னா நான் ஏற மாட்டேன். ஷேர் ஆட்டோவுல வந்துடுவேன்” என்று பத்து நாளைக்கு முன்னாலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“ஊரே பாத்துகினு இருக்கும் ருக்கு.”

“பாக்கட்டுமே. மூச்சு எனக்குத்தான இழுக்குது, ஊருக்கா இழுக்குது?”

“அப்படி என்னா புகை வருது? நார்மலாத்தான் இருக்குது.”

அந்த ஒரு வார்த்தையில்தான் மனுஷன் சர்வீஸையே ஓட்டினார். ஷிப்டு முடிந்து எழுதுகிற நோட்டில் ‘ரிமார்க்ஸ்’ என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் தினமும் ‘நார்மல்’. கன்ட்ரோல் ரூமுக்குள் சாரைப்பாம்பு புகுந்து இரண்டு பேர் மேஜைமேல் ஏறி நின்ற அன்றைக்கும் நார்மல். வீட்டிலும் அப்படித்தான். மகளுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்து நார்மல் என்றார். ருக்குமணி அன்றைக்குத் தெர்மாமீட்டரை அவர் முகத்துக்கு நேரே நீட்டியது இந்த பிளாக்கில் பலருக்கும் தெரியும்.

கார் புகைய ஆரம்பித்த அதே எட்டு வருஷத்துக்கு முன்னால் ருக்குமணிக்கு வேறொரு நஷ்டமும் நேர்ந்தது. அவள் அண்ணன் குறிஞ்சிப்பாடித் தறியில் சொல்லி நெய்து கொடுத்த சேலை, வெள்ளையில் நீலக் கட்டம் போட்டது, கொடியில் காயப்போட்ட இடத்திலிருந்து காணாமல் போனது. கட்டிக் கட்டி நைந்த சேலைதான். ஆனால் அண்ணன் அந்த வருஷம்தான் செத்துப்போயிருந்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெற்கத்திக்காரி இசக்கியம்மாள் முந்தின நாள்தான் அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்து, “இதுமாரி எனக்கும் ஒண்ணு நெய்யச் சொல்லுட்டி” என்று கேட்டிருந்தாள். போதாதா? ருக்குமணி காம்பவுண்டுச் சுவரோரம் நின்று நேராகவே கேட்டுவிட்டாள். இசக்கியம்மாள் தன் பீரோவைத் திறந்து எல்லாத் துணியையும் வாசலில் அள்ளிக் கொட்டினாள். அத்தோடு பேச்சு நின்றது. தீபாவளிக்குத் தீபாவளி சுவர் தாண்டி வந்துகொண்டிருந்த முந்திரிக்கொத்துப் பலகாரமும் நின்றது. கொளஞ்சிநாதனுக்கு முந்திரிக்கொத்து என்றால் உயிர். ஆனாலும் அந்தச் சண்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, காருக்கு வருவோம். மந்தாரக்குப்பத்தில் மெக்கானிக் சிலம்பரசனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“பானட்டைத் தொறங்க சார், பாத்துடலாம்.”

“பானட் எதுக்கு? புகை பின்னாலதான வருது?”

சிலம்பரசன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “கறுப்புப் புகை வந்தா காத்து பத்தலன்னு அர்த்தம் சார். பாய்லரு கதை சொல்லும்போது நீங்களே எத்தினி வாட்டி சொல்லியிருக்கீங்க? ஏர் ஃபில்டர் பக்கம் அடைச்சிகினு இருக்கும். அஞ்சு நிமிஷ வேலை.”

“அங்கல்லாம் தூசி போவாம நானே காப்பு போட்டு வச்சிருக்கேன். நீ அத தொடாத. டீசல்ல ஊத்துற மருந்து ஏதோ வந்திருக்குதாமே, அதக் குடு.”

“அது இன்ஜெக்டர்ல அழுக்கு இருந்தா கேக்கும் சார். மூச்சு முட்டறவனுக்கு இருமல் மருந்து குடுத்து இன்னா ஆவப்போவுது?”

“எனக்கே பாடம் எடுக்கறியா?” என்றார் கொளஞ்சிநாதன். பானட்டின் மேல் வைத்த கையை அவர் கடைசிவரை எடுக்கவேயில்லை.

எதிர்த்த ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் பச்சைப் பாட்டில் ஒன்று வாங்கினார். ஒரு டேங்குக்கு ஒரு பாட்டில் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஊற்றினார். புகை குறையவில்லை. டோஸ் பத்தவில்லை என்று அடுத்த நாளே சிவப்புப் பாட்டில் ஒன்றை ஊற்றினார். கடைக்காரன் மூன்றாவதாக ஒரு தங்கநிறப் பாட்டிலைக் காட்டி, இது ஃபாரின் சரக்கு சார் என்றான். அதையும் விடவில்லை. ஒரே வாரத்தில் மூன்று மருந்து. மனுஷ வயிறாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும், கார் என்பதால் பேசாமல் குடித்தது. தினமும் சாயங்காலம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயில் பிடித்து, அது கறுத்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “முன்னைக்கு இப்ப எவ்ளோவோ தேவல” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். அந்தக் கைக்குட்டைகளைத் துவைப்பவள் ருக்குமணி. அவளுக்குத் தெரியாதா எவ்வளவு தேவலை என்று?

கடைசி நாள் காலையில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் காரைக் குளிப்பாட்டினார். வெளியே மட்டும் கழுவியிருந்தால் தப்பித்திருப்பார். விசேஷ நாளாயிற்றே என்று இன்ஜினுக்கும் நாலா பக்கமும் தண்ணீரைப் பீச்சினார். பிறகு பானட்டை மூடி, சந்தனம் குங்குமம் வைத்தார்.

மூன்று மணிக்கு கேட்டு வாசலில் மேளம் தூள் பறந்தது. ருக்குமணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இவளுக்காகத்தானே இத்தனை பாடும்! அவருக்குக் கீழே வேலை பார்த்த அன்புச்செல்வன்தான் அன்றைக்கு டிரைவர். சாவியைத் திருகினான். கார் இரண்டு முறை செருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

அட கடவுளே! அந்தக் கறுப்பை எங்கே போய்ச் சொல்வது? பின்னால் வெள்ளைச் சட்டையில் வரிசையாகப் பைக்கில் நின்ற பதினாறு பேரும் ஒரே நொடியில் மைன்ஸிலிருந்து மேலே ஏறி வந்தவர்கள் மாதிரி ஆனார்கள். நாதஸ்வரக்காரர் நல்ல இடத்தில் மூச்சு இழுத்தார் போலிருக்கிறது, வாத்தியத்தை எடுத்துவிட்டு இருமினார். ருக்குமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ருக்கு, ஸ்டார்ட்டிங்ல மட்டுந்தான். போவப் போவ நார்மலாயிடும்.”

அவள் கையைத் தட்டி ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். ஏறிப் போயேவிட்டாள். கழுத்தில் மாலையோடு கொளஞ்சிநாதன் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில் யாரோ நினைவுப்பரிசுச் சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். வழியெல்லாம் அது அவர் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. அவமானத்தில் அழுகை முட்டியது.

கார் முக்கி முனகி, மேளத்தோடு அவர் தெரு வரைக்கும் வந்தது. சரியாக இசக்கியம்மாள் வீட்டு வாசலில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. ஆரத்தித் தட்டோடு காத்திருந்த ருக்குமணி தெருவுக்கு வந்தாள். சத்தம் கேட்டு இசக்கியம்மாளும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

அன்புச்செல்வன் இறங்கிப் பானட்டில் கை வைத்தான்.

“வாணாம் அன்பு. தள்ளிகினு போயிடலாம்.”

“இருங்க சார், ஒரு நிமிஷம்” என்று அவன் திறந்தே விட்டான். உள்ளே குனிந்தான். “இன்னா சார் இது? காத்து போற குழாய்ல துணி கட்டியிருக்கு? சேறு மாதிரி இருக்கே!”

நெய்வேலியில் தண்ணீர்க் குழாய்க்குத் துணி கட்டாத வீடு உண்டா? நிலக்கரித் தூசுக்குப் பயந்து இங்கே எல்லாவற்றுக்கும் துணி கட்டுவோம். கொளஞ்சிநாதன் காரின் மூக்குக்குக் கட்டியிருந்தார். எட்டு வருஷத் தூசும் சாம்பலும் அதில் அப்பிக்கொண்டிருக்க, காலையில் பீச்சிய தண்ணீரில் அது குழைந்து களிமண்ணாகி வாயை மூடிவிட்டது.

அன்புச்செல்வன் முடிச்சை அவிழ்த்து உருவினான். நாலு மடிப்பாக வந்தது. வெளிமடிப்பு கன்னங்கரேல் என்று இருந்தது. உள்மடிப்பில் கொஞ்சம் வெள்ளையும் ஒரு நீலக் கட்டமும் தெரிந்தன.

ருக்குமணி ஆரத்தித் தட்டைக் காரின் மேலேயே வைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

“எங்க அண்ணன் குடுத்த சேல” என்றாள்.

மேளம் தானாக நின்றது. இசக்கியம்மாள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, இதுக்கா நான் பீரோவ வாசல்ல கொட்டுனேன்?” என்றாள்.

ருக்குமணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “தெரிஞ்சிதான் கட்டினீங்களா?”

வழக்கமான வார்த்தை கொளஞ்சிநாதனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதினாறு கறுப்பு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“கட்டும்போது தெரியாது. ஏதோ கந்தல்னு கொடியிலேர்ந்து உருவினேன்” என்றார். கழுத்து மாலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, “நீ செவுத்தாண்ட நின்னு அவங்கள கத்தும்போது தெரிஞ்சுது” என்றார்.

ருக்குமணிக்கு அழுகை வந்துவிட்டது. அவரைத் திட்டவில்லை. நேராக இசக்கியம்மாளிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எக்கா, என்னை மன்னிச்சிடுக்கா. உன்னைப் போயி திருடின்னுட்டேனே.”

இசக்கியம்மாள் கையை உடனே கொடுத்துவிடவில்லை. உதறினாள். ருக்குமணி மறுபடியும் பிடித்தாள். இரண்டாம் தடவை உதறவில்லை. “எட்டு தீவாளி போச்சேட்டி” என்று சொல்லி அவளும் அழுதாள்.

அன்புச்செல்வனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பானட்டைச் சாத்திவிட்டுப் போய்ச் சாவியைத் திருகினான். கார் பொக்கென்று ஒரு சின்னக் கறுப்பைத் துப்பிவிட்டு, பிறகு சுத்தமாக ஓடியது. வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது.

கொளஞ்சிநாதனின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்தார். “ருக்கு, பாரு. புகையே இல்ல. வா, வந்து குந்து.”

ருக்குமணி குனிந்து புகைக்குழாயைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். உள்ளே இருந்த சுவர்க்கடிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதன் மேல் அந்தச் சேலையை வைத்தாள். பிறகு இசக்கியம்மாளை முதலில் ஏறச்சொல்லி, தானும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“தம்பி, ஒரு ரவுண்டு போயி வூட்டாண்ட விடு.”

“சார்?” என்றான் அன்புச்செல்வன்.

“அவரு நடந்து வரட்டும்.”

இசக்கியம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “அண்ணாச்சி, இந்தத் தீவாளிக்கு முந்திரிக்கொத்து உண்டு. ஆனா உமக்குக் கெடையாது.”

மேலே வைத்த ஆரத்தித் தட்டோடு கார் கிளம்பி, முனையில் திரும்பியது. பைக்குகளும் அதன் பின்னாலேயே போயின. தெருவில் மாலையும் கடிகாரமும் கறுப்புச் சேலையுமாக நின்றவரிடம் மேளக்காரர் மெதுவாக வந்தார்.

“இன்னா சார், வாசிக்கலாங்களா?”

“வாசிங்க” என்றார் கொளஞ்சிநாதன். மேளம் முன்னே போக, சேலை கீழே புரளாதபடி சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.