முந்திப் புறப்பட்ட மூட்டைகள்

செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குப் புதுப் பெட்டிகள் கோத்த வேக வண்டி ஒன்று விடப்படும் என்றும், அது 1912-ஆம் வருஷம் ஜூன் மாதம் மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு இலுப்பைக்கால் ஸ்டேஷனில் வந்து நிற்கும் என்றும் சர்க்குலர் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வேதமுத்து அதை மூன்று தரம் வாசித்தார். முதல் தரம் சந்தோஷமாக வாசித்தார். இரண்டாம் தரம் அடிக்குறிப்போடு சேர்த்து வாசித்தார். மூன்றாம் தரம் உட்கார்ந்துகொண்டு வாசித்தார்.

அடிக்குறிப்பின் சாரம் இது. வேக வண்டியாகையால் அது எல்லா ஸ்டேஷனிலும் நிற்க இயலாது. முதல் நாளன்று இன்ஸ்பெக்டர் துரையே வண்டியில் வந்து, ஏறுகிறவர்களைத் தலை எண்ணுவார். நாற்பது தலைக்குக் குறைந்த இடத்தில் மறுநாள் முதல் வண்டி நிற்காது. அங்கே மாஸ்டரும் வேண்டியதில்லை, கொடி காட்ட ஒரு போர்ட்டர் போதும். மிச்சப்படுகிற மாஸ்டர், செங்கோட்டைக்கு மேற்கே மலைக்குள் காலியாயிருக்கும் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும்.

அந்த மலை ஸ்டேஷனைப் பற்றி லைனில் தெரியாதவர் இல்லை. அங்கே ஓர் ஒற்றை யானை சிக்னல் கம்பத்தில் முதுகு சொறியும். அது சொறிந்த வேகத்தில் சிக்னல் கை இறங்கி, வராத வண்டிக்கு 'வரலாம்' என்று காட்டும். கடைசியாக இருந்த மாஸ்டர் மலைக்காய்ச்சல் கண்டு, மஞ்சளில் முக்கி எடுத்தவரைப் போலத் திரும்பி வந்தார்.

வேதமுத்துவின் மனைவி ஞானசௌந்தரி ஊரில் மிஷன் பெண் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை உபாத்தியாயினி. சர்க்குலரை வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"மாத்தல் வந்தா நீங்க போயிட்டு வாங்க. அம்பத்திரண்டு பிள்ளைகளை விட்டுட்டு, காட்டுக்குள்ள வந்து நான் யாருக்குப் பாடஞ்சொல்ல?"

"அங்கன நான் தனியாவா கிடக்கணும்?"

"யானை இருக்குல்லா."

மறுநாள் முதல் வேதமுத்து ஊருக்குள் இறங்கிவிட்டார். கடைத்தெருவில் நின்றுகொண்டு புது வண்டியின் பெருமையைச் சொன்னார். பலகை வழுவழுவென்று இழைத்தது, ஜன்னலுக்குக் கண்ணாடி, மூன்றாம் வகுப்பில்கூடப் பெட்டிக்கு ஒரு கக்கூஸ். கடைசி விஷயத்தை மட்டும் ஊர் நம்பவில்லை. ஓடுகிற வண்டியில் ஒருவன் எப்படி மனசு ஒப்பி உட்காருவான் என்று அதைப் பற்றியே இரண்டு நாள் பேச்சு ஓடிற்று. வண்டியில் ஏறுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வாழைக்காய் மண்டி சிவசண்முகம்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். ஊரில் அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் பிள்ளை பெறுகிறவள்கூடக் கிடையாது என்பார்கள்.

"வண்டி நல்ல வண்டிதான் வே. நேரந்தான் கோளாறு."

"என்ன கோளாறு அண்ணாச்சி?"

"திங்கக்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் பிடிக்கு. ஒம்பது மட்டும் விடாது. போதாக்குறைக்குக் கிழக்கே சூலம். சூலத்துக்காவது ரெண்டு வாய் தயிரைக் குடிச்சிட்டுப் போயிரலாம். ராகுவுக்கு மருந்து கிடையாதுல்லா. ஏன் வே, அம்புட்டுப் பெரிய கம்பெனியில பஞ்சாங்கம் பாக்கத் தெரிஞ்ச ஒருத்தன்கூடவா இல்ல?"

வேதமுத்து தம் சபையாரை நம்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கோயில் வாசலுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னார். மறுநாளுக்கு மறு வாரம் திங்கட்கிழமைதான் அந்தத் தேதி. "நமக்கேது ராகுகாலம்" என்று சபை ஒரே குரலில் சொல்லிற்று. அப்படியானால் திங்கட்கிழமை வருகிறீர்களா என்று கேட்டார். "செவ்வாய்க்கிழமை வாரோமே" என்று அதே குரலில் சொல்லிற்று. உபதேசியார் எலியேசர் மட்டும் அவரைத் தனியே ஒதுக்கிக் கொண்டுபோய்க் காரணம் சொன்னார்.

"எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது ஐயா. ஆனா அது ராகுவுக்குத் தெரியணும்லா."

கோரைப்பாய் வியாபாரி பீர் முகம்மது ஒருவர்தான் கேட்ட உடனே சரி என்றார். "நான் வாரேன். எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. மீதி முப்பத்தொம்பது பேருக்கு எங்க போவீரு?"

எங்கே போவது என்று வேதமுத்துவுக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை வரைக்கும் வாசல் வாசலாக ஏறி இறங்கியாயிற்று. சனிக்கிழமை மாலை மறுபடியும் சிவசண்முகத்தின் மண்டியில் போய் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அண்ணாச்சிக்கே பொறுக்கவில்லை.

"சரி வே, அழாதேரும். பரஸ்தானம் வச்சிரலாம்."

மூன்று தலைமுறைக் கிறிஸ்தவரான வேதமுத்துவுக்கு அது என்னவென்று தெரியாது. அண்ணாச்சி விளக்கினார். பயணம் போகிற நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில் உடுமாற்றுத் துணியையோ குடையையோ மூட்டையாகக் கட்டி வழியில் ஓரிடத்தில் கொண்டு வைத்துவிட வேண்டும். மூட்டை வீட்டைவிட்டு இறங்கின நேரந்தான் பயணம் தொடங்கின நேரம். அதற்குப் பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை.

"அப்ப ஏழரைக்கு முன்னால எல்லாரும் மூட்டையை ஸ்டேஷன்ல கொண்டாந்து வச்சிட்டா?"

"பயணம் தொடங்கியாச்சின்னு அர்த்தம்."

வேதமுத்து எழுந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் முப்பத்தொன்பது பேர் சம்மதித்துவிட்டார்கள். எலியேசரும் சம்மதித்தார், பிறர் மனம் நோகக்கூடாதென்று தாமும் ஒரு மூட்டை வைப்பதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே மூட்டைகள் வரத் தொடங்கின. வேதமுத்து வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் கோட்டும் மாட்டிக்கொண்டு தந்திப் பெட்டியின் முன்னால் இருந்தார். வாசல் வழியே பார்த்தபோதெல்லாம் பிளாட்பாரத்தில் யாராவது ஒருவர் குனிந்து மூட்டையை வைப்பதும், கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போடுவதும் தெரிந்தது. ஏழு இருபதுக்கு வெளியே வந்து எண்ணினார். முப்பத்தொன்பது மூட்டைகள், நூல் பிடித்த வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு பாய்ச்சுருளின்மேல் பீர் முகம்மது உட்கார்ந்திருந்தார். ஆக நாற்பது.

அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கஞ்சி குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

ஏழு முப்பத்தைந்துக்கு வண்டி முந்தின ஸ்டேஷனை விட்டது என்று தந்தி வந்தது. டிக்கெட் ஜன்னலைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே பீர் முகம்மதுவின் முகம் மட்டும் இருந்தது.

"பாபநாசம்" என்று போர்ட்டரைக் கூப்பிட்டார். "ஆட்களை எங்கலே?"

"வீட்டுக்குப் போயிருக்காவ ஐயா."

"எப்ப வருவாவ?"

"புதன்கிழமைக்குள்ள வந்துருவாவ."

வேதமுத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூட்டை வரிசையைப் பார்த்தார்.

"பரஸ்தானம் வச்சா மூணு நாள் தாங்கும்லா" என்று பாபநாசம் பொறுமையாக எடுத்துச் சொன்னான். "இனி என்ன அவசரம்? மூணு நாளைக்குள்ள எப்பம் போனாலும் இன்னைக்கிப் போன கணக்குத்தான். இது ஐயாவுக்குத் தெரியாதா?"

அண்ணாச்சி இதைச் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யார் யாரிடம் சொல்வார்கள்?

அதற்குள் வண்டி வந்துவிட்டது. புதுச் சாயம் வெயிலில் மின்ன, கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் முகங்கள் வரிசையாகத் தெரிய, பெண் வீட்டுக்கு வந்த சம்பந்திமாரைப் போலப் பெருமையாக வந்து நின்றது. முதல் வகுப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் துரை நோட்டும் பென்சிலுமாக இறங்கினார். பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"இந்த மூட்டைகள் யாருடையவை?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"பிரயாணிகளுடையவை ஐயா."

"பிரயாணிகள் எங்கே?"

"வீட்டில் இருக்கிறார்கள்."

"அப்படியானால் இன்னும் புறப்படவில்லை."

"புறப்பட்டுவிட்டார்கள் ஐயா."

துரை நோட்டைத் திறந்து, ஒன்று என்று எழுதப் பென்சிலை வைத்தார்.

வேதமுத்துவின் கண்முன்னால் அந்த ஒற்றை யானை வந்து நின்றது. வெள்ளம் தலைக்குமேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ரூல் புத்தகத்தில் ஒரு விதி அவர் நினைவுக்கு வந்தது.

"ஐயா, உடையவர் இல்லாமல் பிளாட்பாரத்தில் கிடக்கும் சாமான்களை அடுத்த வண்டியில் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. உத்தரவானால் ஏற்றிவிடுகிறேன்."

விதி என்று சொன்னால் மறுக்கிற துரை கிடையாது. தலையாட்டினார்.

"லே, மூட்டையெல்லாம் தூக்கிக் கார்டு வண்டியில ஏத்து."

பாபநாசம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "பரஸ்தானத்தை நான் தொட மாட்டேன் ஐயா. வேலையை வேணும்னா எடுத்துக்கிடுங்க."

வேதமுத்து தாமே குனிந்து தூக்கினார். முதலில் கைக்கு அகப்பட்டது சிவசண்முகத்தின் மூட்டை. அதை அவர் கார்டு வண்டிக்குள் வைத்ததைப் பார்த்ததும் பீர் முகம்மதுவுக்கு விஷயம் பிடிபட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்குள் ஓடினார்.

"சிவசண்முகம் அண்ணாச்சி, உம்ம பயணம் உம்மள விட்டுட்டுப் போகுது வே. ஏ உபதேசியாரே, உம்ம பயணம் வண்டி ஏறியாச்சி."

அப்புறம் பார்க்கவேண்டும் கூத்தை. தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. சிவசண்முகம் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக வந்தார். பின்னாலேயே கத்தியோடு நாவிதர் வந்தார். எலியேசர் கை கழுவாமல் வந்தார். அண்ணாச்சிக்கு மூச்சு இரைத்தது.

"என்ன வே அநியாயம் இது. மூணு நாள் இருக்குல்லா?"

"உங்களுக்கு இருக்கு அண்ணாச்சி. மூட்டைக்கு இல்ல. அது இப்பமே போகுது."

"ஆளில்லாம மூட்டை மட்டும் ஊர் போய்ச் சேந்தா அது என்ன பயணம்? செத்தவன் பயணம்லா அது."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நீங்க புறப்பட்டது ஏழு மணிக்கு, நல்ல நேரத்துல. இப்பம் பின்னால போய்ச் சேந்துக்கிடுங்க."

அண்ணாச்சி நுரைக் கன்னத்தைத் துண்டால் துடைத்தார். யோசித்துப் பார்த்தார். சாஸ்திரத்தில் பழுது தெரியவில்லை. "ஏறுங்கடே" என்றார்.

வேதமுத்து ஜன்னலுக்குள் பாய்ந்து டிக்கெட் கிழிக்கத் தொடங்கினார். வெளியே மூட்டையைக் கார்டு வண்டியிலிருந்து மீட்கிறவர்களும், பெட்டியில் ஏறுகிறவர்களும், கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவர்களுமாகப் பதினோரு நிமிடம் போயிற்று. துரை ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்து கடைசிப் பெட்டியில் நின்றார்.

"முப்பத்தொன்பது" என்றார்.

பீர் முகம்மது ஏறியாயிற்று. அவரைச் சேர்த்துத்தான் முப்பத்தொன்பது. பிளாட்பாரத்தில் ஒரே ஒரு மூட்டை மட்டும் கிடந்தது. கட்டம் போட்ட துணியில், நான்கு மூலையும் ஒழுங்காக இழுத்து முடிந்த சின்ன மூட்டை. கார்டு பச்சைக் கொடியைப் பிரித்தார்.

"அது யார் மூட்டைலே?" என்று வேதமுத்து கேட்டார்.

"டீச்சரம்மா வச்சது ஐயா" என்றான் பாபநாசம்.

வேதமுத்து திரும்பினார். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஞானசௌந்தரி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறவள் ஆகையால் ஓடாமல், அதே சமயம் நடக்கவும் நடக்காமல் வந்துகொண்டிருந்தாள்.

"நீயுமா சௌந்தரி?" என்றார்.

"சொன்னவங்கள்ல ஒரு ஆளு மூட்டை கொண்டாரல. எண்ணிக்கையில குறைஞ்சிரக் கூடாதேன்னு நான் வச்சேன்."

"பெறகு ஏன் போன?"

"எல்லாரும் வச்சிட்டுப் போனாவ, நானும் போனேன். நிக்கணும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னியளா?" மூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள். "சேர்மாதேவியில இறங்கி அடுத்த வண்டியில வந்துருவேன். முதல் வகுப்புப் பிள்ளைகளைப் போய்ப் பாத்துக்கிடுங்க. ஆனா, ஆவன்னாதான். உங்களால முடியும்."

படியில் ஏறினாள். துரை தொப்பியைத் தொட்டுவிட்டு நோட்டில் நாற்பது என்று எழுதினார். வண்டி புறப்பட்டது.

பதினைந்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. இலுப்பைக்காலில் வேக வண்டி நிற்கும். மாஸ்டருக்கு மாற்றல் இல்லை. ஆனால் இந்த ஸ்டேஷன் பிரயாணிகள் ஏறுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறபடியால், வண்டி இனிமேல் கால் மணி முந்தி, ஏழு இருபத்தைந்துக்கு வரும்படி நேரம் திருத்தப்பட்டிருக்கிறது. மூட்டை முடிச்சு வழக்கத்துக்கு மேல் காணப்படுவதால் பிளாட்பாரத்தில் ஒரு கொட்டகையும் போட்டுத் தரப்படும்.

ஏழு இருபத்தைந்து என்று கேட்டதும் சிவசண்முகம் மீசையைத் தடவிக்கொண்டார். "ராகுகாலத்துக்கு அஞ்சு நிமிசம் முந்தி. கம்பெனியில யாரோ பஞ்சாங்கம் பாக்கத் தொடங்கிட்டான் வே" என்றார். வேதமுத்து ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

கொட்டகை ஆடிக்குள் முடிந்தது. ஊரார் அதைப் பார்த்தார்கள். வெயில் படாது, மழை படாது, காவலுக்குப் பாபநாசம் இருக்கிறான், மூட்டை வைக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று முடிவு செய்தார்கள். நேரம் திருத்தினாலும் பழக்கம் திருந்துமா? ஆவணி பிறந்தபோது கொட்டகை நிறைய மூட்டைகள் இருந்தன. வண்டியில் ஏறுவதற்கு அநேகமாகப் பீர் முகம்மது ஒருவர்தான் இருந்தார். இரண்டாம் தரம் தலை எண்ண யாரும் வரவில்லை. வேதமுத்துவும் யாரையும் வரச்சொல்லி எழுதவில்லை.