உருண்டை பட்டன்

அக்காவின் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் நாள் குறித்திருந்தார்கள். நாளைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அந்த நாள் வேறு யாருக்கோ போய்விடும். அக்கா "மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். காரணம் கேட்டால் தையல் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டினாள்.

சிறு வயதிலிருந்தே அவளுக்கு ரத்தசோகை, கண்ணில் மஞ்சள். ஏன் என்பது இன்று மாலை உயிரியல் வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது. சரியாகத்தான் புரிந்ததா என்ற சந்தேகத்தில், பேருந்திலும் பாடத்தைப் படித்துக்கொண்டே அவள் கடைக்குப் போனேன்.

"ரத்தத்துல சிவப்பணு தட்டையா, வளையற மாதிரி இருக்கும்க்கா. நாலு மாசம் போல சுத்தும். வயசானா விறைச்சுப்போகும். மண்ணீரல்ல ரொம்பக் குறுகலான சந்து இருக்கு. வளைஞ்சு நுழைஞ்சா தப்பிச்சுது. மாட்டிக்கிட்ட கிழட்டு அணுவை அங்க காவலுக்கு நிக்கற அணு முழுங்கிடும். அதுல இருக்கற இரும்பை மட்டும் புது அணு செய்யத் திருப்பி அனுப்பிடும்."

"காஜான்னு சொல்லு." அக்கா கையிலிருந்த சட்டையின் பொத்தான் துளையை விரலால் விரித்துக் காட்டிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டினாள்.

"அதேதான். உன்னோட அணு பொறக்கும்போதே உருண்டை பட்டன், காஜாவுல நுழையாது. இளசையும் கிழடுன்னு பிடிச்சு முழுங்கிடுது. கண்ணு மஞ்சளா இருக்கறதும் அதுலதான்."

"காஜாவையே வெட்டி எடுத்துட்டா, நெஜக் கிழடுங்கள யாருடி பாத்துப்பா?"

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "பெரும்பாலும் ஈரல் பாத்துக்கும்."

மெஷின் நின்றது.

"ஈரலைத்தானே எடுக்கப்போறாங்க?"

"அது மண்ணீரல்க்கா. நான் சொல்றது கல்லீரல்."

"ரெண்டு இருக்கா?"

"இருக்கு. மண்ணீரல் இடது பக்கம்." என் கை வலது விலாவுக்குப் போயிருந்தது. இறக்கிக்கொண்டேன்.

"நீ தொட்டுக் காட்டாத தாயே, வாயால சொல்லு." அவள் சிரிக்கவில்லை. "டாக்டர் சொன்னதுல 'ஈரல எடுக்கணும்'னுதான் என் காதுல விழுந்துச்சு. கறிக்கடையில ஒண்ணுதானே தொங்குது? அது இல்லாம எவ உசுரோட இருப்பா?"

"அங்கேயே கேட்டிருக்கலாமே!"

"பக்கத்துல அம்மா. கேட்டிருந்தா அழுது ஊரைக் கூட்டியிருப்பா."

எனக்கும் எல்லாம் தெரியாது. மண்ணீரல் இல்லாவிட்டால் கிருமி சீக்கிரம் தாக்கும், அதற்கான தடுப்பூசி எப்போது என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அதற்குள் அவள் மருத்துவமனைக்கு போன் போட்டிருந்தாள்.

"சம்மதம்ங்க. ஆனா ஒண்ணு, மண்ணீரல். அந்த 'மண்'ண விட்டுடாம எழுதிக்கோங்க."