தாழ வரும் பந்து

சமுத்திரம் இந்தத் தடவையும் கையை விரித்துவிட்டான். பந்து அவன் உள்ளங்கையில் பொத்தென்று விழுந்து, துள்ளி மூக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பஞ்சுப் பொதிகளுக்கு இடையில் உருண்டு ஒளிந்துகொண்டது. வேதசிரோமணி விசிலை ஊதினான். ஊதி ஊதிக் கன்னம் வலித்தது.

"கைய விரிக்காதீங்கன்னு எம்புட்டுத் தரம் சொல்லுதது? இது என்ன தீர்த்தமா, ஏந்தி வாங்க?"

"பழக்கதோசம் மாஸ்டர்," என்று சமுத்திரம் மூக்கைத் தடவிக்கொண்டான்.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு ஜின்னிங் பாக்டரிக்குப் பின்னால் கிடந்த பொட்டலில் வாலிபால் நெட்டைக் கட்டியிருந்தார்கள். பாக்டரிக் குமாஸ்தாக்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு முழங்கால் மடங்காது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, நெற்றிச் சந்தனம் அழியக் கூடாதே என்ற கவலையோடு, கல்யாணப் பந்தியில் இடம் பார்க்க வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். பந்து உயரே வந்தால் ஆளுக்கு ஆள் பாய்ந்து அடிப்பார்கள். இடுப்புக்குக் கீழே வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மாடு மேய்க்கிறவனைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தால்கூட இந்நேரம் படித்திருப்பான் என்று வேதசிரோமணி நினைத்துக்கொள்வான். மதராஸில் முறையாக டிரில் மாஸ்டர் பயிற்சி முடித்து, காக்கிக் கால்சட்டையும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் போட்டவன் இந்தக் கூட்டத்துக்கு வந்து மாரடிக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் செய்து காட்டினான். ஒரு கையை இன்னொரு கைக்குள் மூடி வைக்க வேண்டும். முழங்கை இரண்டையும் நெருக்கிக் கையை நீட்டினால் மணிக்கட்டுக்கு மேலே பலகை போல ஓர் இடம் கிடைக்கும். பந்து அங்கேதான் பட வேண்டும். உள்ளங்கையில் பட்டு ஒரு நொடி நின்றால் பிடித்த கணக்காகிவிடும். முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்று, கண்ணை மட்டும் மேலே வைத்துக்கொண்டு, பந்து வந்ததும் காலிலிருந்து எழும்ப வேண்டும். கையை வீசக் கூடாது. அவ்வளவுதான் வித்தை. அவனே ஒரு பந்தைத் தூக்கிப் போட்டு வாங்கினான். அது கையில் பட்ட சத்தமே தெரியாமல் எழும்பி, நெட்டுக்குப் பக்கத்தில் அழகாக இறங்கிற்று.

குமாஸ்தாக்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு பந்து தங்கள் பக்கம் வந்ததும் கையை விரித்தார்கள்.

இவர்களை வைத்துக்கொண்டுதான் பொங்கல் கழிந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக் குமாஸ்தாக்களோடு ஆட வேண்டும். மானம் போகாமல் ஆடிவிட்டால் பாக்டரியில் ஒரு கிளப்பு வைத்து, வேதசிரோமணியை அதற்கு மாஸ்டராகப் போட்டு, குடியிருக்க வீடும் கொடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் அவன் பார்ப்பது இன்னொருத்தர் லீவில் போன இடம். அவர் வந்துவிட்டால் இவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதலாளி சொன்ன வீட்டை அவன் மனைவி ஞானரத்தினம் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். சுவர் எப்படி, கூரை எப்படி என்று அவள் பார்க்கவில்லை. கொல்லையில் இருந்த கிணற்றைத்தான் எட்டி எட்டிப் பார்த்தாள்.

அவர்கள் இப்போது இருக்கும் வீட்டில் கிணறு இல்லை. எதிர்வீட்டு அம்மாள் இறைத்து ஊற்றினால் உண்டு. ஞானரத்தினம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு விலகி நிற்க, அந்த அம்மாள் வாளி குடத்தில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதி குடத்தில் விழும், பாதி தெருவில் ஓடும். புண்ணியவதி, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் வேதசிரோமணிக்கு இன்னும் ஆத்திரம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் வைகுண்டராஜ் பந்தைக் காலால் நிறுத்திவிட்டு நெட்டருகே வந்தான். முதலாளியின் அக்காள் மகன். டீமுக்குக் கேப்டன். பந்தை அடிப்பதில் கொஞ்சம் கெட்டிக்காரன், அதைப் பற்றிப் பேசுவதில் ரொம்பக் கெட்டிக்காரன்.

"மாஸ்டர், இது நமக்குச் சரிப்படாது. குனிஞ்சு கைய நீட்டிக்கிட்டு நிக்கதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"தாழ வார பந்த வேற எப்படி எடுப்பீங்க?"

எடைபோடும் பால்சாமி பின்னாலிருந்து சிரித்தான். அவன் சோழபுரத்துக்காரன். "ராஜா சொல்லுததுல தப்பில்ல மாஸ்டர். எங்க ஊருக் கிணத்தடியில தண்ணிக்கு வந்து நிப்பாங்கள்லா, அச்சு அசலா அதே நிலை. எங்களுக்கு எப்படி வரும்?"

"அது விரிச்ச கை. இது மூடுன கை," என்றான் வேதசிரோமணி. குரல் அவன் நினைத்ததைவிடத் தாழ்ந்து வந்தது.

"மூடுனா என்ன, தொறந்தா என்ன. நிக்க நிலை ஒண்ணுதான. சூசைக் கிழவனக் கேட்டுப் பாருங்க, சொல்லுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். சமுத்திரம் மட்டும் சூசை யார் என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டு, பதில் தெரிந்ததும் குனிந்து வேட்டியைச் சரிசெய்தான். சூசை வேதசிரோமணியின் அப்பா.

மதராஸில் மற்றவர்கள் மாதக்கணக்கில் திண்டாடின நிலை இவனுக்கு முதல்நாளே வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவர் தோளில் தட்டி, இந்தக் கைக்குப் பாடம் முன்னாலேயே தெரியும் என்றார். அந்தப் பெருமையோடு ஊருக்கு ரயிலேறினவன், வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் தண்ணீர்க்காரன் சொம்பைச் சாய்க்கும்போது, அது எங்கே படித்த பாடம் என்று புரிந்துகொண்டான். சின்ன வயசில் அப்பாவோடு சோழபுரத்துக் கிணற்றடியில் நின்றிருக்கிறான். முழங்காலை மடக்கி, முழங்கையை நெருக்கி, கண்ணை மட்டும் மேலே வைத்து. முழங்கை விலகினால் தண்ணீர் ஒழுகிப் போய்விடும். மேலே நிற்கிறவர் இரண்டாம் தரம் ஊற்றுவார் என்பது நிச்சயமில்லை. அன்றைக்கே ரயிலில் சத்தியம் செய்துகொண்டான், இனி எவன் முன்னாலும் ஏந்தி நிற்பதில்லை என்று.

வைகுண்டராஜ் சமாதானமாகக் கையை உயர்த்தினான். "சண்டை என்னத்துக்கு? மாஸ்டருக்கு நல்லா வருதுல்லா. அவரே நம்மகூட ஆடட்டும். பின்னால நின்னு தாழ வாரதப் பூராவும் வாங்கிக் குடுக்கட்டும். அடிக்கத நாங்க அடிச்சுக்கிடுதோம். ஏமண்டி, சரியா?"

சமுத்திரத்துக்கு ஆட்டத்திலிருந்து விடுதலை கிடைத்தது. வேதசிரோமணி பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். தூ என்று இவர்கள் வேலையை இவர்கள் மூஞ்சியிலேயே எறிந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டினான்.

அந்த வாக்கியத்தை ஞானரத்தினத்திடம் சொல்லிப் பார்த்தான். அவள் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"நான் தெனம் ரெண்டு வேளை நிக்கேன். நீங்க ஒரு சாயங்காலம் நின்னா தேஞ்சு போயிருவியளோ?"

அவன் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தான்.

"நின்னுட்டு அந்தக் கெணத்த வாங்கிட்டு வாங்க. பொறவு உங்க ரோசத்த அதுல போட்டு ஊற வைங்க."

ஆட்டத்தன்று கோர்ட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் நல்ல கூட்டம். முதலாளி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுக் குமாஸ்தாக்கள் இவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. அவர்களும் அதே சந்தனம், அதே மடங்காத முழங்கால். ஆனால் கட்சிக்காரர்களை எங்கே அழுத்த வேண்டும் என்று பழகினவர்கள். ஒருவன் மட்டும் பின்னால் குனிந்து நிற்பதைப் பார்த்ததும், இவன்தான் இளைத்தவன் என்று முடிவுகட்டி, பந்தையெல்லாம் அவன் காலடிக்கே அடித்தார்கள்.

வேதசிரோமணி வாங்கினான். இடது பக்கம் வந்ததை வாங்கினான், வலது பக்கம் வந்ததை வாங்கினான், மண்ணை உரசிக்கொண்டு வந்ததையும் வாங்கினான். ஒவ்வொன்றும் எழும்பி நெட்டுப் பக்கம் போய் இறங்க, வைகுண்டராஜ் குதித்து அடித்து, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து மீசையைத் தொட்டான். பால்சாமி "வாங்கும் மாஸ்டர், வாங்கும்" என்று கத்த, கூட்டமும் அதைப் பிடித்துக்கொண்டது. வாங்கு, வாங்கு. வேதசிரோமணிக்குக் காது எரிந்தது. கை தானாகச் சேர்ந்தது, கண் தானாக மேலே போயிற்று. இத்தனை மடையர்களுக்கு நடுவில் ஆட்டம் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பதும் தெரிந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆட்டத்தில் பாக்டரிக்காரர்கள் ஜெயித்தார்கள். வைகுண்டராஜுக்கு மாலை விழுந்தது. முதலாளி வேதசிரோமணியைப் பார்த்துத் தலையசைத்து, "நாளைக்குக் காலம்பற வாரும், வீட்டுச் சாவியப் பேசிக்கிடுவோம்," என்றார். அது போதும் என்றிருந்தது. முன்கை இரண்டும் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. நாக்கு வறண்டு ஒட்டியது.

மரத்தடி பெஞ்சில் ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார, பாக்டரி ஆள் ஒருவன் நீர்மோர் கொண்டுவந்தான். ஒவ்வொருவர் கையிலும் வெண்கலத் தம்ளர். பெஞ்சின் கோடியில் நின்ற வேதசிரோமணியிடம் வந்தபோது தட்டில் தம்ளர் இருந்தது. ஆனால் அந்த ஆள் பால்சாமியைப் பார்த்தான். பால்சாமி தலையைச் சொறிந்தான். ஆள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, செம்பை இரண்டு கையாலும் பிடித்து உயரத் தூக்கினான்.

"பிடிங்க மாஸ்டர்."

வைகுண்டராஜ் தன் மோரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி பார்த்தான். நாற்காலியிலிருந்து முதலாளியும் பார்த்தார். ஞானரத்தினம் எட்டி எட்டிப் பார்த்த கிணறு அவன் கண்ணுக்குள் வந்து போனது.

வேதசிரோமணி முழங்காலை மடக்கினான். முழங்கை இரண்டையும் நெருக்கினான். சிவந்த கைகளை முன்னால் நீட்டி, ஒன்றை ஒன்றுக்குள் மூடிக்கொண்டான். கண்ணை மட்டும் மேலே வைத்தான்.

மோர் ஊற்றப்பட்டது. மூடிய கையின் மேல் விழுந்து, வீங்கிய முன்கை வழியாக இறங்கி, முழங்கையிலிருந்து சொட்டிற்று. கறிவேப்பிலை ஒன்று மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. "கைய விரிங்க மாஸ்டர்," என்று சமுத்திரம் பெஞ்சிலிருந்து மெதுவாகச் சொன்னான். அந்த ஆள் நிறுத்தத் தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தான். வெள்ளைக் கான்வாஸ் ஷூவைச் சுற்றி மண் ஊறிக் கறுத்துக்கொண்டு வந்தது.