தட்டுப்பாடான சரக்கு

உலக வேலைவாய்ப்பு வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய பிரகடனம் ஒன்று, அன்று மதியம் ஆண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து வெளியாயிற்று. பிரகடனம் செய்தவர் அதற்கென்றே ஆக்சிஜன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார்.

"நர்ஸ் வேலைக்கு... உலகம் பூரா... ஆள் தட்டுப்பாடு."

"அப்பா, மாஸ்க்கைப் போடுங்க" என்றாள் மகள்.

பக்கத்துக் கட்டிலில் கால் கட்டோடு கிடந்த கொத்தனார் பயபக்தியுடன் தலையாட்டினார். பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று நிற்கிற பெண் ஒருத்தி அவருக்கும் இருந்தாள்.

அப்பா குடோன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சரக்கு தட்டுப்பாடோ அதற்குத்தான் மரியாதை என்பது அவர் கண்ட தத்துவம். சிமென்ட், சர்க்கரை, மகள் எல்லாமே அதில் அடக்கம். மகளுக்குக் கணக்குப்பதிவியல் படிக்க ஆசை. காய் நறுக்கும்போது விரலில் ரத்தம் துளிர்த்தாலே மயங்கி விழுகிற ரகம். "பழகிடும்" என்று சொல்லி நர்சிங்கில் சேர்த்துவிட்டு வந்தார். பழகிவிட்டது.

யூனிஃபார்மும் அவர் உத்தரவுதான். "டியூட்டி முடிச்சு அப்படியே வெள்ளை டிரெஸ்ஸோட வா. அப்பதான் இங்க நம்மள மதிப்பாங்க" என்று போனில் சொல்லியிருந்தார். வந்தாள். மதித்தார்கள்.

டாக்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல, சிஸ்டர்" என்றார். சொல்லாமலே போய்விட்டார். அப்பாவின் நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. மூச்சு நின்று நின்று வந்தது. மாலை வரை கூடத் தாங்காது. பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் போய்விடுகிற எத்தனையோ அப்பாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள். இந்தக் கையை மட்டும் விடுவதில்லை என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், தலகாணியக் கொஞ்சம்..." எதிர்க் கட்டில்காரர் கூப்பிட்டார்.

"நான் இந்த ஆஸ்பத்திரி இல்லீங்க."

"டிரெஸ் போட்டிருக்கீங்களே?"

தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தாள். அடுத்தவருக்குத் தண்ணீர். அதற்கடுத்தவருக்கு இருமல். வார்டுக்கென்று இருந்த ஒரே நர்ஸ், கடைசிக் கட்டிலில் யாருக்கோ நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை மகள் எழுந்தபோதும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா... என்னா கிராக்கி!"

"பேசாதீங்கப்பா."

கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். சில்லிட்டிருந்தது.

"அம்மா! ரத்தம் மேல ஏறுதும்மா!" கொத்தனார் அலறினார். டிரிப்ஸ் பாட்டில் காலியாகி, ட்யூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மனுஷன் பதறி ஊசியைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார்.

"பிடுங்காதீங்க! சிஸ்டரைக் கூப்பிடுங்க!"

"நீங்கதானேம்மா சிஸ்டரு!"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மாஸ்க்கை விலக்கினார்.

"போ... போய்ப் பாரு. நம்ம பேரு... கெட்டுடும்."

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். திரும்பினாள். அதற்குள் ஊசி பாதி வந்துவிட்டிருந்தது. உருவிவிட்டு, பஞ்சை வைத்து அழுத்தினாள். "கையை மடக்காதீங்க. அப்படியே வச்சிருங்க." ரத்தம் நின்றது.

மறுபடி திரும்பினாள். அப்பாவின் மாஸ்க் தாடையில் இருந்தது. இன்னொரு அறிவிப்புக்குத் தயாரானவர் போல வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைவிட அதிக நேரம் வைத்திருந்தாள். பிறகு ஆக்சிஜனை மூடினாள். அந்தச் சீறல் நின்ற பிறகுதான் அவ்வளவு நேரம் அது கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

வார்டு நர்ஸ் வியர்வையோடு ஓடி வந்தாள்.

"ஐயோ அக்கா... கூட இருந்தீங்கதானே?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

கொத்தனார் பஞ்சை அழுத்திய கையாலேயே பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பெரியவரு சொன்னது கரெக்டும்மா. எம் பொண்ணையும் இதுலயே சேத்துடறேன். மனு போட கடைசி நாள் எப்பம்மா?"

அவள் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். விரலில் கொத்தனாரின் ரத்தம் காய்ந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை" என்றாள்.