கடல்பக்க ஓட்டை

“ஆர் இந்த மேசையில கை வைச்சது?” என்று ரஜீவன் கேட்டபோது, கஜந்தி கோலின் நுனியில் சோக் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்.”

“ஏனக்கா, உங்களுக்கு வேற வேலை இல்லையோ?”

“என்ர வேலையே அதுதானே, தம்பி.”

பொய்யில்லை. துறைமுக வேலைத்தளத்தில் பதினாறு வருடமாகப் பம்புகளையும் மோட்டர்களையும் மட்டம் பார்த்து இருத்துகிறவள் அவள். தை மாதம் தொழிலாளர் கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பூல் மேசை அவள் கண்ணை உறுத்தியது. குடாக்கடலைப் பார்த்துக் கட்டடம் சரிந்திருந்தது, கட்டடத்தோடு மேசையும். பூலுக்கு எங்கும் உள்ள சட்டம் இங்கும் இருந்தது: ஒருவருக்கு முழுநிறப் பந்து ஏழு, மற்றவருக்கு வரிப்பந்து ஏழு, தன்னுடையதை எல்லாம் விழுத்திய பிறகு, எந்த ஓட்டை என்று சொல்லிவிட்டுக் கறுப்புப் பந்தை விழுத்த வேண்டும், கறுப்போடு, கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தும் விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு. இந்தக் கழகத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று: கடல்பக்கத்து மூன்று ஓட்டைகளில் கறுப்பு விழுந்தால் கணக்கில்லை. அந்தப் பக்கம் அடித்தால் வெள்ளையும் பின்னாலேயே உருண்டு போய் விழும், அதற்கு ஒவ்வொரு நாளும் சண்டை வரும். சண்டையை நிறுத்தப் போட்ட சட்டம் அது.

பின்னேரம் கந்தளாய்க் கழகத்தார் ஆட வருகிறார்கள். அவர்கள் முன்னால் இந்தச் சரிவைக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. காலை ஏழு மணிக்கே மட்டம் பார்க்கிற நீர்மட்டக் கருவியோடு வந்து, இரண்டு மேசைக் கால்களுக்குக் கீழே மெல்லிய தகடுகளைச் செருகி, கருவியின் குமிழை நடுவில் நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருவருக்கும் பந்து விழவில்லை. சரிவுக்கு ஈடு கொடுத்து, ஓட்டைக்கு ஒரு விரல் மேட்டுப்பக்கமாகக் குறிபார்த்துப் பழகிய கைகள். ஆறு வருடமாகக் கழகத்தின் முதல் ஆட்டக்காரன் ரஜீவன். அவனே நாலு முறை தவறவிட்டான்.

“மேசையைக் கெடுத்துப்போட்டீங்கள்.”

“மேசை சரி. உங்கட கைதான் சரிஞ்சு பழகிட்டுது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரஜீவனுக்கு முகம் கறுத்தது.

“சரி, ஒரு ஆட்டம். நான் வெண்டா நீங்களே தகட்டை உருவ வேணும். பின்னேரம் ஆடவும் வரக்கூடாது. அலியார் நானா, கேட்டீங்கதானே?”

கழகச் செயலாளர் அலியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “கேட்டன். நீ தோத்தா?”

“தோத்தா தகடு கிடக்கட்டும்.”

பின்னேரம் ஆடும் அணியின் நாலாவது ஆளாகப் பலகையில் அவள் பெயர் இருந்தது. கழகத்தில் அந்தப் பலகையில் ஏறிய முதல் பெண் பெயர். அதைப் பார்க்காமலே கோலை எடுத்தாள்.

முதல் இரண்டு அடியும் அவளுக்கும் பிசகின. தை மாதத்திலிருந்து அவள் கையும் இங்கேதானே பழகியது. பிறகு நேரே குறிபார்க்கக் கையை வற்புறுத்தினாள். பந்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் ரஜீவன் வெள்ளையையே விழுத்திவிட்டான். வெள்ளை விழுந்தால் எதிராளி அதைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைக்கலாம். அவள் வைத்து, மிச்சமிருந்த தன் இரண்டையும் விழுத்தினாள். கறுப்பு, கடல்பக்க மூலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

“கடல்பக்க மூலை,” என்றாள்.

“அது கணக்கில்லை,” என்றான் ரஜீவன்.

“ஏன் கணக்கில்லை?”

“சட்டம்.”

“சட்டம் சரிவுக்குப் போட்டது. சரிவு இப்ப எங்க?”

எல்லாரும் அலியாரைப் பார்த்தார்கள். பதினொரு வருடத்துக்கு முன் அந்தச் சட்டத்தைத் தன் கையால் பலகையில் எழுதியவர் அவர். விழுந்த பந்து ஒன்றை எடுத்து நடுமேசையில் வைத்துக் கையை விலக்கினார். காத்திருந்தார். அது அசையவில்லை. எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அடி புள்ள. வெள்ளையும் பின்னால போய் விழுந்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது.”

ஓங்கி அடித்தால், கறுப்பில் முட்டியதும் வெள்ளையை அங்கேயே நிறுத்திவிடலாம். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அப்படி வென்றால், நின்றது அடியாலா மேசையாலா என்று பின்னேரம் வரை கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் குனிந்தாள். பழைய மேசையில் ஒருவரும் துணியாத அளவுக்கு மெதுவாகத் தட்டினாள்.

கறுப்பு உருண்டு போய் விழுந்தது. வெள்ளை அதே வழியில் பின்னால் போனது. ரஜீவன் குந்தி, கண்ணை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்தான். ஒரு சாண். நாலு விரல். மூன்று. ஓட்டையின் வாயில், இரண்டு விரல் இடைவெளியில் வெள்ளை நின்றது.

ரஜீவன் எழும்பவில்லை. இன்னும் அது உருளும் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவள் தரையில் வைத்த நீர்மட்டம் அங்கேயே கிடந்தது. அதன் குமிழ் கடலுக்கு முதுகு காட்டி ஒரு கரையில் ஒதுங்கியிருந்தது. கட்டடம் சரிந்தபடியேதான் இருந்தது. அதன் நடுவில், பச்சைத் துணியில், வெள்ளை நின்ற இடத்தில் நின்றபடி இருந்தது.